முற்றிய கண் அழுத்தமும் கத்தி பயமும்

"கண் பிரஷருக்கு ஆபரேஷன் செஞ்சா இருக்கிற பார்வையும் போயிடும்." ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு வட்டாரத்தில் இந்தப் பேச்சு ஊறிக் கிடக்கிறது. கண் அழுத்த நோயான கிளாக்கோமா முற்றியவர்களை அறுவைக்குப் போகவிடாமல் தடுப்பதும் இதுதான்.

பேச்சு எங்கிருந்து வந்தது? வலியில்லாத நோய் என்பதால் யாரும் முன்கூட்டி வருவதில்லை. சங்கர நேத்ராலயா தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 100க்கு 98 பேருக்கு அதற்குமுன் நோய் கண்டறியப்படவே இல்லை. பார்வை நரம்பு பெரும்பாலும் செத்தபின் கத்தி வைக்கிறார்கள். அதன்பின் பார்வை குறைந்தால் நோயின் பழி கத்தியின்மேல் விழுகிறது.

அறுவையால் எஞ்சிய பார்வை சட்டென அணைவது உண்டு. ஆனால் மிக அரிது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில், முற்றிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட 453 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கண்ணின் நீர் வடிய வழி திறக்கும் டிராபெகுலெக்டமி அறுவையும் இன்னொன்றுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். 5 ஆண்டு கழித்து அறுவைப் பிரிவில் சராசரிக் கண் அழுத்தம் சுமார் 12 மி.மீ. பாதரசம், மருந்துப் பிரிவில் சுமார் 15. பார்வைப் பரப்பு சுருங்கியதும் அறுவை செய்துகொண்டவர்களுக்கே குறைவு.

"பார்வை கூடாதாமே, அப்புறம் எதுக்கு?" புரை ஆபரேஷனைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி. செத்த நரம்பு உயிர்க்காது, உண்மை. ஆனால் தறியில் அறுந்த இழையைப் பிடிக்கவும் பஸ் போர்டைப் படிக்கவும் மிச்சப் பார்வைதானே வேண்டும்? அமெரிக்காவின் ஏ.ஜி.ஐ.எஸ். ஆய்வில், ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் 18க்குக் கீழே நின்ற கண்களில், 6 ஆண்டுக்கு மேலாகியும் பார்வைப் பரப்பு சராசரியில் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

சொட்டு மருந்து சிலருக்குப் போதும்; அதை மறுக்கவில்லை. கோழிப்பண்ணையிலேயே தங்கி வேலை செய்பவர் ஆயுள் முழுக்க ஒருவேளையும் தவறாமல் விடுவார் என்று நம்பி மருந்தோடு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஒரு தடவை செஞ்சா தீர்ந்தது" என்பதும் அதே அளவு ஆபத்தான பேச்சு. திறந்த வழி தழும்பேறி அடைபடலாம். மைட்டோமைசின் மருந்து அதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. புரையும் சீக்கிரம் வளரலாம். அடைபட்டால் குழாய் வடிகால் வைக்கலாம். மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் அந்தக் குழாயைத் தயாரிக்கிறது. ஆபரேஷன் செய்த கண் எத்தனை வருஷம் கழித்துச் சிவந்து வலித்தாலும், பீளை தள்ளினாலும் கிருமித் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் சொட்டு வாங்கிப் பார்க்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.