இரவிகுளத்துக்கு எதற்கு டெலி லென்ஸ்?

மூணாறு போகிறேன், மலிவாக ஒரு ஜூம் லென்ஸ் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: இரவிகுளத்துக்காக எதுவும் வாங்காதீர்கள். அங்குள்ள ராஜமலையில் மனிதரைப் பார்த்துப் பழகிய வரையாடுகளுக்குக் கேமராவோடு வந்த 18-55 போதும். (பிப்ரவரி, மார்ச்சில் கிளம்பிவிடாதீர்கள், குட்டி ஈனும் பருவம், பூங்காவை மூடிவிடுவது வழக்கம்.) சின்னாற்றின் சாம்பல் மலையணில், நெல்லியாம்பதி இருவாச்சி என்றால் கதை வேறு, குறைந்தது 250 மி.மீ. வேண்டும். கேனான்காரர்கள் விலையைப் பார்த்து 75-300இல் விழுகிறார்கள். அதில் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரே கிடையாது. செகண்ட்ஹேண்டாக இருந்தாலும் ஸ்டெபிலைசர் உள்ள 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் எடுங்கள். போகிற 50 மி.மீ. போகட்டும். நிக்கான்காரர்கள் ஏஎஃப்-பி 70-300இல் ‘விஆர்’ (நிக்கானின் ஸ்டெபிலைசர்) இருக்கிறதா என்று பாருங்கள். டி3200 போன்ற பழைய கேமராவில் அந்த ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் பிடிக்கும், தாவும் அணிலை அல்ல. சோலை நிழலில் ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றி, ஷட்டரை 1/500 நொடியில் வையுங்கள். படம் கொஞ்சம் பொரிபொரியாக வந்தால் வரட்டும், கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.