அப்டேட் அமத்த முதல்

கலைவாரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கட பாண்டின் கிற்றார் புரொசெசரை நான் அப்டேட் செய்தேன். ஒருத்தரும் செய்யச் சொல்லவில்லை. இரவு பதினொரு மணி, போர்டிங்கில் வைஃபை நல்லா வந்துகொண்டிருந்தது, லப்டொப் திரையில் புதிய பேர்ம்வெயார் வந்திருக்கு எண்டு ஒரு அறிவித்தல் வந்தது. தொடரவா எண்டு கேட்டது. ஓம் எண்டு அமத்தினேன். அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் புரொசெசர் திரும்ப எழும்பியது. தயாரித்தவர்கள் போட்டு அனுப்பிய சத்தங்கள் மட்டும் வரிசையாக நின்றன. இரண்டு வருஷமாக நாங்கள் செய்து சேமித்த 34 பிரீசெற்றுகளில் ஒன்றுகூட இல்லை.

அவற்றில் பாதிக்கு மேல் நான் செய்தவையும் இல்லை. முதலாம் வருஷத்திலிருந்து எங்களோடு வாசித்த ஒருவன் செய்தவை. அவன் இப்ப கனடாவில். போகமுதல் கிற்றாரை விற்றான், புரொசெசரை மட்டும் "இது உங்களிட்டையே இருக்கட்டும் மச்சான்" எண்டு தந்துவிட்டுப் போனான். அதில் 'மாரி' எண்டு பேர் வைத்த ஒரு பிரீசெற் இருந்தது. நீண்ட ரிவேர்ப், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வரும் டிலே, கேட்டால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். எங்கட சொந்தப் பாட்டு ஒன்று அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும்.

இந்தக் கதையைச் சொன்னால் கிற்றார் வாசிக்கிற ஆக்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லுவார்கள். ஒரு பக்கம், "வேலை செய்யிற சாமானை ஏன் தொட்டனீ?" மற்றப் பக்கம், "அப்டேட் வந்தால் போடத்தான் வேணும், நீ பிழையாய்ச் செய்திட்டாய்." இரண்டுமே அரைகுறைப் பதில் எண்டுதான் எனக்குப் படுகிறது.

முதல் பதிலை எடுப்போம். பழைய அம்ப், பழைய பெடல்கள் எப்படிச் சத்தம் போடும் என்பதைக் கணக்குகளாக மாற்றி ஒரு பெட்டிக்குள் வைத்ததுதான் இந்த புரொசெசர். அந்தக் கணக்குகள் இருக்கும் இடம்தான் பேர்ம்வெயார். அது மாறினால் பெட்டியே மாறிய மாதிரி. லைன் 6 கொம்பனியின் எச்எக்ஸ் ஸ்டொம்ப் 2018இல் வந்தபோது ஒரு பிரீசெற்றுக்குள் 6 எஃபெக்ட்டுகள்தான் போடலாம். 2020இல் வந்த 3.0 அப்டேட்டோடு அது 8 ஆனது. காசு ஒன்றும் கேட்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போன நாட்டில், புதுப் பெட்டி வாங்குவது எங்களுக்குக் கனவு. பழைய பெட்டிக்கு இரண்டு எஃபெக்ட் கூடுதலாகக் கிடைத்தால், அதை வேண்டாம் எண்டு விடுவது வசதி உள்ளவர்களுக்குத்தான் சரி.

அப்ப இரண்டாவது பதில்? அப்டேட் போடத்தான் வேணுமெண்டால், எப்ப போடுவது, எதைக் காப்பாற்றிவிட்டுப் போடுவது எண்டும் சேர்த்துச் சொல்ல வேணும். பிரீசெற் எண்டு நாங்கள் சேமிப்பது சத்தத்தை இல்லை. 'இந்த அம்ப், கெயின் இவ்வளவு, டிலே இத்தனை மில்லிசெக்கன்' எண்டு எழுதிய ஒரு துண்டுதான் அது. சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பு தொலைந்தால் கறி இல்லை. குறிப்பு இருந்து சரக்குத்தூள் மாறினாலும் அதே கறி வராது. அதனால் அப்டேட்டில் இழப்பு இரண்டு விதமாக வரலாம்: எங்கட குறிப்பு அழிந்துபோவது ஒன்று, குறிப்பு அப்படியே இருக்க உள்ளே இருக்கும் மொடல் மாறிப்போவது மற்றது. இரண்டாவது ஆபத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கதைப்பதே குறைவு. நல்ல முன்மாதிரியும் இருக்கிறது: 2022இல் அதே லைன் 6 ஸ்பீக்கர் கப்களை முழுசாகப் புதிதாகச் செய்து 3.50 அப்டேட்டில் விட்டபோது, பழையவற்றையும் தனியாக உள்ளேயே வைத்திருந்தார்கள். பழைய பிரீசெற்றுகளின் சத்தம் மாறக்கூடாது என்பதற்காக. வாசிக்கிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை அதுதான். எல்லாப் பெட்டிக்காரரும் அப்பிடிச் செய்வார்கள் எண்டு நம்பிக்கொண்டிருக்க ஏலாது.

சரி, என்ன செய்யலாம்? அடிபட்டுப் பழகியதைச் சொல்கிறேன்.

நிகழ்ச்சிக்கு ஒரு கிழமைக்குள் அப்டேட்டைத் தொடவேண்டாம். முதலில் உங்கட பெட்டியின் எடிட்டர் மென்பொருளில் முழுப் பேக்கப் எடுங்கோ. அதோடு விடாமல், முக்கியமான பிரீசெற்றுகளைத் தனித்தனிப் பைலாகவும் வெளியே எடுங்கோ. ஏனெண்டால் முழுப் பேக்கப் சில நேரம் ஒரேயடியாகத்தான் திரும்ப ஏறும். தனிப் பைல் எண்டால் தேவையானதை மட்டும் போடலாம். வெளியிலிருந்து ஏற்றிய ஐஆர் பைல்கள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பாருங்கோ. பல பெட்டிகளில் பிரீசெற் அந்த ஐஆரின் பேரையோ இடத்தையோ மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும், பைல் அதற்குள் இருக்காது. பொது அமைப்புகளை, அதாவது அவுட்புட் லெவல், கால் சுவிட்ச் எது எதற்கு என்பதை, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கோ. இப்போது ஓடுகிற பேர்ம்வெயாரின் இலக்கத்தைக் குறித்து, அந்தப் பைல் கிடைத்தால் அதையும் வைத்திருங்கோ. புதுப் பதிப்பில் சேமித்த பிரீசெற் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்காது. திரும்பிப் போக வேண்டி வந்தால் பழைய பேக்கப்பும் பழைய பேர்ம்வெயாரும் சேர்ந்தே இருக்க வேணும்.

இன்னொரு பேக்கப் இருக்கு. அதை ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. அப்டேட்டுக்கு முதல், முக்கியமான ஒவ்வொரு சத்தத்திலும் ஒரே துண்டை வாசித்து ரெக்கோர்ட் பண்ணி வையுங்கோ. அப்டேட்டுக்குப் பிறகு அதே துண்டைத் திரும்ப வாசித்து, இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கோ. திரையில் இலக்கம் ஒன்றாக இருக்கும், காதுக்கு வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேற வழி இல்லை.

பிறகு கரண்ட். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் பெட்டி அரைவாசியில் நிற்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்டது. யூபிஎஸ் ஒன்று இரவல் வாங்குங்கோ. லப்டொப்பில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், யூஎஸ்பி கேபிளை நேராகக் குத்துங்கோ, மழை இருட்டிக்கொண்டு வந்தால் நாளைக்குச் செய்யுங்கோ. அப்பிடியும் நின்றுவிட்டால் பதற வேண்டாம். பல பெட்டிகளில் குறிப்பிட்ட பட்டன்களை அமத்திக்கொண்டு போட்டால் மீட்பு நிலைக்குப் போகும். எந்தப் பட்டன் என்பதை முதலே மனுவலில் பார்த்து வையுங்கோ.

இவ்வளவும் சொன்னாலும், என்னைக் குடைவது வேறொன்று. நான் கலைப்பீட மாணவன். ஆவணப்படுத்தல் பற்றி இரண்டு செமினாரில் கதைத்திருக்கிறேன். நூலகம் தளம் இல்லையெண்டால் என்ர அசைன்மென்டுகளில் பாதி நடந்திராது. யாரோ பொறுமையாக ஸ்கான் பண்ணி வைத்ததால்தான் அந்தப் பழைய சஞ்சிகைகள் இண்டைக்கும் கிடைக்குது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் எங்கட சொந்தப் பாட்டின் சத்தத்துக்கு ஒரு கொப்பி எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அது பெட்டிக்குள் இருக்குது, பெட்டி எங்களிட்ட இருக்குது, அது போதும் எண்டு நினைத்தேன். எங்கட ஊர்த் திருவிழா இசைக்குழுக்களில் கீபோர்ட் வாசிக்கிற அண்ணாமார் என்னைவிடக் கெட்டிக்காரர். அவர்களில் ஒருவர் பென் டிரைவைச் சாவிக்கொத்தில் கொழுவிக்கொண்டு திரிவதைப் பார்த்து ஒருகாலம் சிரித்திருக்கிறேன்.

ஒருவன் நாடு விட்டுப் போகும்போது அவனோடு நிறையப் போகும். அதை எங்களால் தடுக்க ஏலாது. அவன் விட்டுவிட்டுப் போனதையும் ஒரு பட்டனில் அழிப்பதை மட்டும் தடுத்திருக்கலாம்.

அடுத்த நாள் அவனுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டு உண்மையைச் சொன்னேன். பேசுவான் எண்டு நினைத்தேன். "விடு மச்சான், அந்த டிலே எத்தினை எண்டு எனக்கே இப்ப ஞாபகமில்லை" எண்டான். பேசியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. பழைய ரிகர்சல் வீடியோ ஒன்றைப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, மூன்று இரவு இருந்து 'மாரி'யைத் திரும்பக் கட்டினேன். கலைவாரத்தில் வாசித்தோம், ஆக்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எங்கட டிரம்ஸ்காரனுக்குத் தெரிந்தது.

இப்ப எங்கட பாண்டுக்கு ஒரு போல்டர் இருக்கு: பிரீசெற், ஐஆர், பேர்ம்வெயார் பைல், ரெக்கோர்டிங் எல்லாம் திகதி போட்டு. லப்டொப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, டிரைவில் ஒன்று. டிரைவின் லிங்க்கை அவனுக்கும் அனுப்பினேன். போன கிழமை அதற்குள் அவன் ஒரு புதுப் பைல் போட்டிருந்தான். பேர்: 'மாரி 2'.