படுத்திருப்பவனை எழுப்பாதே

பூங்காவைச் சீரமைக்கிறோம், வருகிறவர்களுக்கு வசதி, பறவைகளுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். சரி, வருகிறவர் என்றால் யார்? கேட்டால் 'எதுலயும் சாதியைக் கொண்டாந்துடுறீங்க' என்று சலித்துக்கொள்கிறார்கள். கொண்டுவந்தது நாங்களா?

பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் எந்தச் சாதியாரும் போகலாம் என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அன்று சேலம் ஜில்லாவில் இருந்த ஓசூருக்கும் அது பொருந்தும். தெருவில் நடக்கவே நம்ம பாட்டனுக்குச் சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது, தோழர்களே. நூறு வருசம் கழித்து, 2024 ஆகஸ்டில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூர் லால்பாக் மலர்க்காட்சியில் அம்பேத்கர்தான் நாயகன். 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையில் அவருக்குப் பூ அலங்காரம். பூவெல்லாம் அவருக்கு, புல்வெளி யாருக்கு?

1760-இல் ஐதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்த தோட்டம் அது. இன்று 240 ஏக்கர். அதிகாரி கிரும்பீகல் பேரில் பக்கத்திலேயே சாலை இருக்கிறது. பாத்தி கட்டியவர்கள்? தமிழ் பேசும் திகளர்களை ஐதர் கூட்டிவந்தார் என்பார்கள். சாதிப்பேர் மிஞ்சியது, ஆள் பேர் ஒன்றும் மிஞ்சவில்லை. பாரம்பரியம் என்றால் சுவரும் தூணும்தான் இவர்களுக்கு. அதைக் கூட்டுகிற பெண்ணுக்கு ஒரு கக்கூஸ், சோறு தின்ன ஒரு நிழல் என்று எந்தத் திட்ட அறிக்கை முதல் பக்கத்தில் எழுதுகிறது?

நான் பேங்க்கில் கல்லாவில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவன். சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளி சம்பளம் விழுந்த அன்றே மொத்தத்தையும் வழித்து எடுத்துப் போவதை மாதாமாதம் பார்க்கிறேன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோட லால்பாக் போனால் பஸ் காசு, அதுக்கு மேல நுழைவுச்சீட்டு. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற ஐயாமாருக்குச் சீட்டு இல்லாத நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கொழுப்பைக் கரைக்க இலவசம், களைப்பாற காசு!

பறவைக்கு இடம் வேணும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் பறவையைக் கலைப்பது மரத்தடியில் தூங்கும் கட்டிடத் தொழிலாளியா, மலர்க்காட்சிக்கு வந்து நெரிகிற லட்சக்கணக்கான கூட்டமா? பட்டுப்போன மரம் என்று வெட்டுகிறார்களே, அந்தப் பொந்தில்தான் கிளி குஞ்சு பொரிக்கும். புதரை வழித்துவிட்டுக் கொரியன் புல் போட்டால் புழுவும் இல்லை, குருவியும் இல்லை. படத்துக்குத்தான் பச்சை.

நம்ம பக்கம் வருவோம். 1957-இல் கட்டி முடித்த கிருஷ்ணகிரி அணையின் பூங்காவுக்குச் சனங்க சோத்துமூட்டையோட வருது, வறுத்த மீன் வாங்கித் திங்குது, துண்டை விரிச்சுப் படுக்குது. நாளைக்கு அழகுபடுத்துறோம்னு யாராவது கிளம்பினால் முதலில் மீன்கடை போகும், அடுத்து துண்டு விரித்தவன் போவான். ஆற்றை மட்டும் தொடமாட்டார்கள். பெங்களூர்ச் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளியில் ஆள் உயரத்துக்கு நுரை கட்டுகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும் போகிறது. நீர்ப்பறவைக்காக உருகுகிறவர்கள் அந்தக் கரையில் மூக்கைப் பொத்தாமல் அரைமணி நேரம் நிற்கட்டும்.

சீரமைக்கிறதா இருந்தா இப்படிச் செய்: நுழைவுக் கட்டணத்தை எடு. தோட்ட வேலைக்காரர்களை, கூட்டுகிறவர்களை நிரந்தரமாக்கு. குடிதண்ணீரும் கக்கூசும் வாசலிலேயே வை. ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுக்காக ராத்திரி ஒன்பது வரைக்கும் முன்பக்கப் புல்வெளியைத் திற. ஏரிக்கரைப் பக்கம் இருட்டாகவே கிடக்கட்டும், அது பறவைக்கு.