நகப்பூச்சுப் பெட்டியில் தமிழ் எங்கே?

பெண்கள் நகத்துக்குச் சாயம் பூசுவதைக் கண்டிக்கும் கட்டுரைகளுக்கு நம்மவரிடையே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மேனாட்டு மோகம், பண்பாட்டுச் சீரழிவு, நாகரிக மாயை என்னும் தலைப்புகளின் கீழ் உதட்டுச் சாயமும் நகச் சாயமும் தவறாது வந்து குட்டு வாங்கிச் செல்வதை ஆண்டு மலர்கள் பலவற்றிற் காணலாம். அவற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆடவர் என்பதும், ஆடவரின் தலைமயிர்ச் சாயம் பற்றி அவற்றுள் ஒரு சொல்லும் இராது என்பதும் தனியே ஆராயத்தக்கவை. இக்கட்டுரை அவ்வரிசையிற் சேர விரும்பவில்லை. அவ்வரிசையே ஓர் உண்மையான கேட்டை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது என்பதுதான் இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு.

ஒப்பனை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் அடிகளுக்கு அலத்தகம் ஊட்டப்படுகிறது. செம்பஞ்சுக் குழம்பும் மருதோன்றியும் வாழையடி வாழையாக வந்தவை. சாமத்திய வீட்டுக்குக் கை சிவக்க வேண்டும் என்று விரும்பிய பாட்டியின் பேத்தி, இன்று அதே விரல் நுனி இளஞ்சிவப்பாக ஒளிர வேண்டும் என்று விரும்புகிறாள். விருப்பம் மாறவில்லை, குழம்பு மாறிவிட்டது. அந்தக் குழம்பு யாது, அதைக் கையாளும் முறை யாது என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடைத்தெருக்களில் ஜெல் நகப்பூச்சு இன்று அரிய பண்டமன்று. கைத்தொலைபேசியில் விரலால் தொட்டால், பெட்டி வீடு தேடி வருகிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று காலடியிற் கிடக்க, அப்பெட்டி பெரும்பாலும் கொழும்பில் இறங்கித் தரைவழியாக நம்மிடம் வருவது வேறொரு கட்டுரைக்குரிய கதை. பெட்டியுள் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு என்று சில குப்பிகள், ஒரு சிறு விளக்கு, அரம், மடித்த தாள் ஒன்று. அழகு நிலையத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத மாணவியும், நெருங்கிய உறவினரின் திருமணங்களுக்கு மணப்பெண் அலங்காரம் செய்து நாலு காசு தேடும் இளம்பெண்ணும் இதனை வாங்குகின்றனர். பின்னவளின் நிலையே பெரிதும் கவலைக்குரியது. முன்னவள் மாதத்துக்கு ஒருமுறை தொடுவதை அவள் வேலை கிடைக்கும் நாளெல்லாம் தொடுகிறாள்.

பழைய நகப்பூச்சை நம்மூரில் 'கியூட்டெக்ஸ்' என்பர். ஒரு வணிகப் பெயர் பண்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அது காய்வது கரைப்பான் ஆவியாகிப் போவதனால். ஜெல் அவ்வாறு காய்வதில்லை. அதில் உள்ளவை பெரும்பாலும் அக்ரிலேற்று, மெதக்ரிலேற்று வகையைச் சேர்ந்த ஒருபகுதியங்களும் அவற்றின் குறுஞ்சங்கிலிகளும் ஆகும். விளக்கின் கழியூதா ஒளியோ ஊதா ஒளியோ பட்டதும், கூடக் கலந்திருக்கும் ஒளித்தொடக்கி சிதைந்து வினையைத் தூண்ட, ஒருபகுதியங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வன்மையான பல்பகுதியமாகின்றன. பிணைந்து முடிந்தது ஏறக்குறையத் தீங்கற்றது. பிணையாது எஞ்சியது தோலினுள் நுழையவல்லது.

இந்த உண்மையைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோருக்கு விளக்குவது கடினமன்று. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலோ கரையோர வாடிகளிலோ பைபர் படகு திருத்துவோரைக் கேட்டால் போதும். அவர்கள் பாவிக்கும் பிசின் வேறு, அதனை இறுகச் செய்யும் மருந்தும் வேறு. ஆயினும் அடிப்படை ஒன்றே. இறுகாத பிசின் கையிற் பட்டால் தினவெடுக்கும். இறுகிய படகின் மேற் படுத்து உறங்கலாம். கலவையின் அளவு பிழைத்தால் மேல் இறுகி உள் இளகிக் கிடக்கும். அண்ணன் படகுக்குச் செய்வதையே தங்கை நகத்துக்குச் செய்கிறாள். அண்ணனுக்கு அத்தொழிலைக் கற்பிக்க ஒரு மேத்திரியார் இருந்தார். தங்கைக்கு இருப்பது மடித்த தாள். அதுவும் ஆங்கிலத்தில், அல்லது சீனத்தில்.

வீட்டில் நிகழும் பிழைகள் நுண்ணியவை. ஒரே பூச்சில் நிறம் ஏற வேண்டும் என்று தடிப்பாகப் பூசினால் ஒளி அடிவரை செல்லாது. வெளிர் இளஞ்சிவப்பு இதில் ஏமாற்றும் நிறம்: பார்வைக்கு மென்மையானது, ஆனால் அதற்குப் பால்போன்ற தன்மை தருவதற்குப் பொதுவாகச் சேர்க்கப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டு ஒளியைச் சிதறடித்துத் திருப்பிவிடும். 365 நனோமீற்றர் ஒளிக்கு அமைத்த பூச்சினை 405 நனோமீற்றர் மட்டும் தரும் விளக்கின் கீழ் வைத்தால், தொடுகைக்குக் கடினமாகவே தோன்றும். உள்ளே வினை முற்றியிராது. விளக்கை ஓரிடத்திலும் குப்பியை வேறோரிடத்திலும் மலிவாகத் தேடி வாங்குவோர் இதனை அறியார். பூச்சு நக ஓரத்துத் தோலில் வழிந்துவிட்டால், அதனைத் துடைக்காமலே விளக்கினுள் கையை வைப்போர் பலர். பல பூச்சுகளில், எல்லாம் முடிந்தபின்னும் மேலே ஒரு பசை எஞ்சும். காற்றின் ஒட்சிசன் மேற்படையில் வினையைத் தடுப்பதனால் அது உண்டாகிறது. அந்தப் பசை இறுகாத ஒருபகுதியமே. அதனைத் துடைத்த பஞ்சை வெறுங்கையாற் கசக்கி எறிகிறோம்.

விளைவு உடனே தெரிவதில்லை. வாரங்களோ மாதங்களோ எதுவும் நிகழாது. பின் ஒரு நாள் விரல் நுனி தினவெடுக்கும், வெடிக்கும், நகம் சதையை விட்டு எழும்பும். விரல் அடிக்கடி முகத்தைத் தொடுவதனால் கண்ணிமையும் வீங்கலாம்; அப்போது கையைச் சந்தேகிப்பார் யார்? நம்மூரில் பழி இறாலுக்கும் நண்டுக்கும் போகும். எஞ்சியது 'சூடு' என்று முடியும். பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட நோயாளருள் நூற்றுக்கு 2.4 பேர் இவ்வகைப் பொருள் ஒன்றுக்கேனும் ஒவ்வாமை உடையோராய் இருந்தனர். அவர்கள் ஏற்கெனவே தோல் நோயுடன் வந்தோர் என்பதை மறந்து அவ்வெண்ணைப் பெருக்கிச் சொல்லுதல் தகாது. ஆயினும் இவ்வொவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை என்பதை நினைக்க வேண்டும். இதே இனப் பொருள்கள் பல்லடைப்பிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையின் எலும்புச் சீமெந்திலும், நீரிழிவாளர் உடலில் ஒட்டும் சில உணர்கருவிகளிலும் உள்ளன. இருபது வயதில் இளஞ்சிவப்புக்காகத் திறந்த கதவு, அறுபது வயதில் முழங்காற் சிகிச்சைக்கு வைத்தியர் முன் ஒரு சிக்கலாக நிற்கக்கூடும்.

இவ்விடத்தில் மற்றோர் ஆரவாரத்தையும் மறுத்தாக வேண்டும். விளக்கு புற்றுநோய் தரும் என்று பரப்புவோர் உளர். 2023இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சான் டியேகோ வளாக ஆய்வாளர் வெளியிட்டது ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களின் மீது நடந்த சோதனை. அக்கலங்களுக்குக் கேடு விளைந்தது உண்மை. மனிதரில் அது நிறுவப்படவில்லை. விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை அணிவது அந்த ஐயத்துக்குப் போதிய பதில். இல்லாத பேயைக் காட்டினால், உள்ள பாம்பையும் எவரும் நம்பார். "இயற்கைக்குத் திரும்புக" என்போரும் பொறுத்தருள்க: மருதோன்றி நல்லதே, ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படும் கூம்புகளிற் பலவற்றில் கலப்பது தலைமயிர்ச் சாயத்தின் இரசாயனமே.

ஏனைய நாடுகள் என்ன செய்தன? ஐரோப்பிய ஒன்றியம் 'ஹீமா' எனச் சுருக்கி வழங்கும் மெதக்ரிலேற்றினைக் கொண்ட நகப்பூச்சுகளைத் தொழின்முறைப் பாவனைக்கு மட்டும் என 2021இல் வரையறுத்தது. ஒவ்வாமை எச்சரிக்கையைப் பெட்டியில் பொறிக்கவும் விதித்தது. 'ரி.பி.ஓ.' என்னும் ஒளித்தொடக்கியை, விலங்காய்வுகளில் இனப்பெருக்கத்துக்குக் கேடு காணப்பட்டமையால், 2025 செப்டெம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் முற்றாக விலக்கியது. அங்கே விலக்கப்பட்ட சரக்கு மலிவு விலையில் வேறு கரைகளைத் தேடும் என்று அஞ்சுவது மிகையாகாது.

நம் நாட்டுச் சட்டநூலைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருள் முதலிடத்தில் இருந்தது. சாதனங்களும் மருந்துகளும் அதன்பின் வந்தன. அதனை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்து மட்டுமே உண்டு. பெயர் உதிர்ந்தது தற்செயலோ, அன்றோ; கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. எனினும் விற்பனைப் பண்டங்களின் சுட்டித்துண்டு குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இவ்விரண்டையும் ஒரு நகப்பூச்சுப் பெட்டியின் மேல் ஒன்றுசேர்க்க இயலாதா?

'தமிழில் அதற்குச் சொல் இல்லை' என்னும் சாட்டு இனிச் செல்லாது. ஒருபகுதியம், பல்பகுதியம், கழியூதா என்பன உயர்தர வகுப்பு மாணவி நாள்தோறும் எழுதும் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். சம்பந்தர் பாடிய தலம் எங்கள் தலம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அத்தலத்து மகள் ஒருத்தியின் விரல் வெடிப்பதைத் தடுக்க ஐந்து தமிழ் வாக்கியம் எழுதித் தரவில்லை. தமிழ்ச் சங்கங்கள் மொழியைக் காப்பது செய்யுளில் மட்டுமா என்ற வினாவுக்கு விடை கூறும் கடப்பாடு நம்முடையது.

அதிகாரசபை விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உள்ளது. அங்கே சித்த மருத்துவம் பயிலும் மாணவர் உளர். அவர்களையும் தோல் வைத்தியர் ஒருவரையும் வேதியியல் விரிவுரையாளர் ஒருவரையும் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக இருத்தினால் போதும். வாசகம் ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்: 'பூச்சைத் தோலிற் படவிடாதீர். மெல்லிய படையாகப் பூசுவீர். பூச்சுக்கென அமைந்த விளக்கையே பாவிப்பீர். பசை துடைத்த பஞ்சை வெறுங்கையால் தொடாதீர். தினவெடுத்தால் உடனே நிறுத்தி, குப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்வீர்.' அரைத் தாளில் அடங்கும் இதனை, ஆண்டு விழா அழைப்பிதழை அச்சிடும் அதே அச்சகத்தில் சிங்களத்தோடும் சேர்த்து அச்சிட்டு, திருகோணமலைக் கடைத்தெருவில் இப்பெட்டி விற்போர் ஒவ்வொருவருக்கும் நூறு படி வீதம் இவ்வாண்டே கொடுத்துவிடலாம்.