பரவி விட்டது என்றால் முடிந்து விட்டதா?

"நாலாவது கட்டமாம். கல்லீரல், நுரையீரல் எல்லாம் பரவிட்டுதாம். இனி எதுக்குச் செலவு? வீட்டுக்குக் கூட்டிப் போயிடலாம்!"

குடல் புற்றுநோய் வந்தவரின் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசும் பேச்சு இது. நோயாளியை யாரும் கேட்பதில்லை. அவருக்கு விஷயமே தெரியாது!

இது தவறு.

கால்பந்து மன்னன் பீலேவுக்கு 2021 செப்டம்பரில் பெருங்குடல் கட்டியை எடுத்தார்கள். பிறகு நோய் பரவியது. ஆனாலும் சிகிச்சை நிற்கவில்லை. 2022 டிசம்பர் 29-ந்தேதி, 82 வயதில் இறந்தார். அந்த வயதிலும் ஓராண்டுக்கு மேல் மல்லுக்கு நின்றார்.

குடலில் ஓடும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. பிறகு இதயம் வழியாக நுரையீரலுக்கு. நோயும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகும். போன இடத்திலும் அது குடல் புற்றுநோயே. மருந்தும் அதற்கான மருந்துதான்.

கட்டிகள் சிலவே என்றால் ஆபரேஷன் செய்யலாம். நல்ல கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டினாலும் மிச்சம் வளரும்! நுரையீரல் கட்டியையும் எடுப்பது உண்டு. இன்று எடுக்க முடியாத கட்டியை மருந்தால் சுருக்கி, பிறகு எடுப்பதும் உண்டு.

எல்லோருக்கும் இது முடியாது. முடியாதவர்களுக்கு நோயை அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. அதுவும் கேட்காவிட்டால் வலி தணிக்கும் சிகிச்சை இருக்கிறது. அதுவும் சிகிச்சைதான். கைவிடுவது அல்ல.

புதுவைக்காரர்கள் இதற்காக ஊர் ஊராக அலைய வேண்டாம். 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்த ஜிப்மர், கோரிமேட்டில் இருக்கிறது. அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் உண்டு.

வீட்டுக்குத் திரும்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். கட்டிகள் எத்தனை? கல்லீரல் ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தாரா? கட்டிக்கு ஜீன் சோதனை ஆச்சா? மருந்து எதற்கு? சுருக்கி எடுக்கவா, அடக்கி வைக்கவா?

பதிலை நோயாளியிடம் சொல்லுங்கள். உயிர் அவருடையது. முடிவும் அவருடையதே!

இன்னொன்று. கல்லாவிலும் ஆபீஸ் நாற்காலியிலும் நாள் முழுக்க உட்காருபவர்களே! மலத்தில் ரத்தம் வந்தால், "மூலச் சூடு, மோர் குடிச்சா சரியாப் போகும்" என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். மூலமா, வேறா என்று டாக்டர் சொல்லட்டும்.

வெட்கம் உயிரை விடப் பெரிதா?