அந்நிய அங்காடியும் அண்ணாச்சிக் கடையும்

"ஆல்டி வருமா?" என்று கேட்கிறார்கள் சிலர். "வந்தால் வாழ்வு" என்கிறார் ஒருவர். "வந்தால் வீழ்வு" என்று பதறுகிறார் மற்றொருவர். வருவது யார் என்று கேட்பதற்கு முன்னால், வருகிறவனை வாசலிலே நிறுத்திக் கணக்குக் கேட்கும் வலிவு நம்மிடம் உண்டா என்று கேட்போம் என்கிறேன் நான்.

யார் இந்த ஆல்டி? ஜெர்மன் நாட்டு எஸ்ஸன் நகரிலே, 1913-ல் தாய் ஒருத்தி திறந்த சின்னஞ்சிறு மளிகைக் கடை. கார்ல், தியோ என்னும் அவள் பிள்ளைகள் இருவர், போர் முடிந்த பின் அதனைப் பெருக்கினர். ஆல்பிரெக்ட் என்ற குடும்பப் பெயரின் தலையும், டிஸ்கவுண்ட் என்ற சொல்லின் தலையும் சேர்ந்து 'ஆல்டி' ஆயிற்று. அங்கே அலங்கார விளக்கு இல்லை. ஆடம்பர அடுக்கு இல்லை. அட்டைப் பெட்டியின் வாயைக் கிழித்து அப்படியே வைத்துவிடுகிறார்கள். பல்லாயிரம் சரக்குகள் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரத்துக்குள் அடக்கம். அவற்றிலும் பெரும்பகுதி, தன் முத்திரையிலே தானே செய்வித்த பண்டங்கள். தள்ளுவண்டி வேண்டுமானால் நாணயம் போட்டு எடு. திருப்பி நிறுத்தினால் நாணயம் உனக்கு. வண்டி சேகரிக்கும் ஆளின் கூலியும் மிச்சம்! சிக்கனத்தையே மூலதனமாக்கிய அந்தக் கடை, 1976-ல் அமெரிக்காவிலும், 1990-ல் பிரிட்டனிலும், 2001-ல் ஆஸ்திரேலியாவிலும், 2019-ல் சீனத்து ஷாங்காயிலும் கால் பதித்தது. "அங்கெல்லாம் வந்தவன் இங்கு வர ஏன் தாமதம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

தடை இருக்கிறது, தோழர்களே! 2012 செப்டம்பரில் மத்திய அரசு, பலபொருள் சில்லறை வணிகத்தில் அந்நிய மூலதனம் 51 விழுக்காடு வரை நுழையக் கதவு திறந்தது. ஆனால், குறைந்தது 10 கோடி டாலர் கொண்டுவர வேண்டும். கொள்முதலில் 30 விழுக்காடு சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கடை திறக்கும் மாநிலம் இசைவு தரவேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தது. தமிழ்நாடு அன்றே மறுத்தது. வணிகர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மாநிலத்தின் இசைவு என்னும் அந்த ஒரு வரி, மாநில உரிமை வெறும் மேடைப் பேச்சன்று, மளிகைக் கடையின் கதவிலே தொங்கும் பூட்டும் அதுவே என்று காட்டிற்று.

வந்தவர்தாம் வென்றார்களா? வால்மார்ட், பாரதி நிறுவனத்தோடு 2007-ல் கைகோத்தது. 2013-ல் கை உதறியது. பிரெஞ்சு நாட்டுக் கார்ஃபூர் 2010-ல் டெல்லியிலே மொத்தக் கடை திறந்தது. 2014-ல் மூட்டை கட்டியது. ஜெர்மன் நாட்டு மெட்ரோ 2003-ல் பெங்களூரிலே தொடங்கி, 20 ஆண்டு இருந்து பார்த்துவிட்டு, தன் 31 கடைகளையும் 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்சிடம் தந்துவிட்டு 2023-ல் வெளியேறியது.

ஏன்? செம்பாக்கத்துக்கு வந்து பாருங்கள், விடை கிடைக்கும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த ஊர் அது. தாம்பரம்–வேளச்சேரிச் சாலையிலே, ராஜகீழ்ப்பாக்கத்தையும் காமராஜபுரத்தையும் அண்டி, ஏரிக்கரை ஊராக இருந்து நகரமாகிக்கொண்டிருக்கும் ஊர். சாலையோரத்து நிலத்தின் விலை வானத்தைத் தொடுகிறது. விரிந்த கடையும், அதற்கு முன்னே வண்டி நிறுத்தும் திடலும் கட்டி மலிவாய் விற்பது எங்ஙனம்? வாரத்துக்கொரு முறை காரிலே வந்து, குளிர்பெட்டி நிறைய வாங்கிச் செல்லும் குடும்பத்துக்காகப் பிறந்தது ஆல்டி முறை. நம் தெருவின் உட்பகுதியிலே நடப்பது வேறு நாடகம்:

"அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு!"

"தந்தேன் அம்மா. எண்ணெய்?"

"நூறு மில்லி போதும். நோட்டிலே எழுதிக்கொள்ளுங்கள், சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன்."

"எழுதிவிட்டேன் அம்மா. போன வாரத்துப் பாக்கியும் இருக்கிறது, மறந்துவிடாதே!"

அந்த நோட்டு இருக்கிறதே, அதிலே வட்டி இல்லை, பத்திரம் இல்லை, பிணை இல்லை. வங்கி நம்பாதவளை அண்ணாச்சி நம்புகிறார். அந்த நம்பிக்கையை எந்த நாட்டுக் கணினி எழுதித் தரும்?

ஆனால், இத்தோடு கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள்! கசப்பான பகுதி இனித்தான் வருகிறது. ஐந்து கிலோ பருப்பு வாங்குகிறவன் கிலோவுக்குக் குறைந்த விலை தருகிறான். கால் கிலோ வாங்குகிறவள் அதே பருப்புக்குக் கூடுதல் விலை தருகிறாள். இருப்பவனுக்கு மலிவு, இல்லாதவளுக்கு விலை! "அந்நியனே, வராதே" என்று முழங்கும் நாம், அந்தத் தாயிடம் "கூடுதல் விலை கொடுத்துச் சுதேசியைக் காப்பாற்று" என்றா சொல்வது? மலிவு விலை கேட்பது அவள் உரிமை. அதற்கு விடை கூறாத எதிர்ப்பு, அரை எதிர்ப்பு.

நம்மவன் என்பதாலேயே நல்லவன் என்றும் ஆகிவிடாது. சுபிக்ஷாவை மறந்துவிட்டோமா? 1997-ல் சென்னைத் திருவான்மியூரிலே பிறந்த தள்ளுபடிக் கடை அது. நம் மண்ணின் மூளை. நம் மண்ணின் முதல். 2008-க்குள் நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகள்! வேகம் வெறியாயிற்று, கடன் மலையாயிற்று, கைக்காசு வறண்டது, ஊழியர்க்கு ஊதியம் நின்றது, 2009-ல் கதவுகள் சாத்தப்பட்டன. அங்கே அடிவயிற்றில் அடிபட்டவர், சீருடை அணிந்து பில் போட்ட நம் பிள்ளைகள். கொடியின் நிறம் பார்த்துக் கடையை எடை போடாதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்று. வாயிற்கதவுக்குக் காவல் நின்ற நாம், சன்னலைப் பார்த்தோமா? கடையாக வர இயலாத வால்மார்ட், 2018-ல் ஏறத்தாழ 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கிற்று. செம்பாக்கத்துத் தெருவுக்குள் அது செங்கல் இல்லாமல், சிமென்ட் இல்லாமல், கைப்பேசி வழியே நுழைந்துவிட்டது. ஆல்டி வருமா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பவன், சட்டைப் பைக்குள் வந்துவிட்டவனைக் காணவில்லை!

என்ன செய்வது? ஆல்டியின் தாயகத்தையே பாருங்கள். அங்கே மளிகை வணிகத்திலே முதலிடம் ஆல்டிக்கு என்றா எண்ணுகிறீர்கள்? இல்லை; எடேகாவுக்கு. எடேகா யார்? 1898-ல் பெர்லினிலே சிறு மளிகை வணிகர்கள் கூடி, "தனித்தனியே வாங்கினால் தாழ்வோம், சேர்ந்து வாங்கினால் வெல்வோம்" என்று தொடங்கிய கூட்டுறவு! அண்ணாச்சிகள் ஒன்றுகூடி ஆல்டியை முந்திய கதை அது. அதே ஜெர்மனியிலே, 2000-ல் வால்மார்ட்டும் ஆல்டியும் லிடிலும் பாலையும் சர்க்கரையையும் அடக்க விலைக்கும் கீழே விற்றபோது, போட்டிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு குறுக்கிட்டு நிறுத்தச் சொல்லிற்று. போட்டியாளனைக் கொன்றுவிட்டுப் பிறகு விலையை ஏற்றும் தந்திரத்துக்கு அங்கே சட்டம் காவல் நின்றது. உலகையே ஆண்ட வால்மார்ட், 2006-ல் தன் 85 கடைகளை விற்றுவிட்டு ஜெர்மனியை விட்டே போயிற்று.

நமக்கு இது புதிதுமன்று. 1904-லேயே திருவல்லிக்கேணியிலே நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் நாம். 1999-ல் உழவர் சந்தை கண்டவர்கள் நாம். அரிசியை விலையின்றித் தரும் நியாயவிலைக் கடை உள்ள நாடு நம் நாடு. ஆயின், செம்பாக்கத்து அண்ணாச்சிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு லாரிப் பருப்பை நேரே வாங்க வழி உண்டா? அதற்குக் கூட்டுறவுக் கடன் உண்டா? கிடங்கு உண்டா? உண்டாக்கச் சொல்லிக் கேட்போம். சேர்ந்து வாங்கிய மலிவு, கால் கிலோ வாங்கும் தாயின் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அண்ணாச்சியிடமும் கேட்போம்.

கடை ஊழியர்க்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கியது தமிழ்நாடு, 2021-ல். ஆல்டியின் ஜெர்மன் கடைகளிலே பில் போடும் பெண் உட்கார்ந்துதான் போடுகிறாள். நம் பெருங்கடைகளிலே சட்டம் வந்தும் கால் கடுக்க நிற்பவர் எத்தனை பேர் என்று, தோழர்களே, இந்த வாரம் உங்கள் ஊர்க் கடைகளுக்குச் சென்று பாருங்கள். நாற்காலி இல்லையேல், தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். எழுதிய நகலைக் கிளைக் கூட்டத்திலே வையுங்கள்.

ஆல்டி வரலாம், வராமலும் போகலாம். வருகிறவன் எவனாயினும், உள்நாட்டானாயினும் வெளிநாட்டானாயினும், மூன்று கேள்வி கேட்போம்: உழவனுக்கு உரிய விலை தந்தாயா? ஊழியனுக்கு உரிய ஊதியமும் இருக்கையும் தந்தாயா? இன்று குறைத்த விலையை, எதிர்க்கடை மூடிய மறுநாள் ஏற்றாமலிருப்பாயா? விடை சொல்பவன் கடை வைக்கட்டும். விடை சொல்லாதவனுக்கு, அவன் எந்த மொழியிலே பெயர்ப்பலகை எழுதினாலும், இந்த மண்ணிலே இடமில்லை!