ஹாட் டிஸ்க் பழுதானால் என்ன செய்வது?



மகளின் கல்யாணப் படங்கள், பேரப்பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ, மௌத்தாகிவிட்ட உம்மாவின் குரல் - இவையெல்லாம் இன்று பல வீடுகளில் கணனியின் ஹாட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அது திடீரென்று பழுதானால் மனம் பதறும். கடையில் கொடுத்தால் நம் வீட்டுப் படங்களை யார் யார் பார்ப்பார்களோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். டிஸ்க்கினுள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் முனை, தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் தட்டைத் தொடாமல் நகர்கிறது. ‘டிக் டிக்’ என்றோ உரசுவது போன்றோ சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கினால் முனை தட்டைச் சுரண்டிவிடலாம். சுரண்டிய இடத்தில் இருந்தது திரும்ப வராது. மூடியைத் திறக்காதீர்கள், ஒரு தூசியே பெரும் சேதம் செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து இன்னும் கெட்டுப்போகும். இந்நிலையில், தூசியில்லாத அறை வைத்துத் தரவுகளை மீட்டுத் தருபவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவையும், படங்களின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறான சத்தம் எதுவும் இல்லையென்றால் பழுது வயரிலோ கணனியிலோ இருக்கலாம். வயரை மாற்றுங்கள், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணனியில் இணைத்துப் பாருங்கள். ‘போர்மட் செய்யவா?’ என்று கணனி கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். டிஸ்க் தெரிந்தால் திருத்தப் போகாமல், முதலில் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருள், நன்றாக வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களைப் பிறகு முயன்று பார்க்கும்.

தவறுதலாக அழித்த படங்களுக்கும் வழியுண்டு. அழித்தவுடன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்குகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை படம் அங்கேயே இருக்கும். ஆகவே அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். ஆனால், தட்டில்லாத புதிய எஸ்.எஸ்.டி. வகையில், அழித்தவை பெரும்பாலும் சற்று நேரத்திலேயே நிரந்தரமாகப் போய்விடும்.

எல்லாவற்றிலும் இலகுவானது முன்கூட்டியே பிரதி எடுத்து வைப்பதுதான். மொத்தம் மூன்று பிரதிகள் இருக்கட்டும். அதில் ஒன்று தங்கை வீட்டிலோ மகன் வீட்டிலோ இருக்கட்டும். அவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று இடைக்கிடை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இந்த வேலையை முடித்துவிடுங்கள், சகோதரிகளே!